செத்தும் கொடுக்காத சாப்ளின்

கீழக்கரை சீதக்காதி வள்ளல் இறந்து அடக்கமும் ஆன பிறகு ஒரு புலவர் பரிசில் கேட்டு வந்து சேர்ந்தார். நேரம் பார்த்து வருவதில் புலவர்கள் எப்போதுமே அப்படித்தான். சமாதி முன்னால் நின்று அவர் புலம்ப, உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு, விரலில் கிடந்த மோதிரத்தைக் கொடுத்தது என்பது கதை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது வகுப்பே உருகியது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். சமாதிக்குள் நகை இருப்பது ஊருக்கே தெரிந்துவிட்டதே, மறுநாள் ராத்திரி எவனாவது மண்வெட்டியோடு வந்திருக்க மாட்டானா? வாத்தியார் என்னை பெஞ்சு மேல் ஏற்றினார்.

பதில் பல வருஷம் கழித்து சுவிட்சர்லாந்திலிருந்து கிடைத்தது. வந்தார்கள், சார். இரண்டு பேர். மண்வெட்டியோடுதான். 1978 மார்ச் 1ஆம் தேதி இரவு, லேமன் ஏரிக்கரையில் வெவே நகருக்கு மேலே இருக்கும் கோர்சியர் என்ற சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்துக்கு. அங்கே அடக்கமாகி இரண்டு மாதமே ஆகியிருந்த ஒரு பெரிய மனிதரைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெரிய மனிதர் சார்லி சாப்ளின்.

சாப்ளின் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதே தனி நகைச்சுவை. 1952இல் படம் வெளியிட லண்டனுக்குக் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே அமெரிக்க அரசு அவர் திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தது. கம்யூனிஸ்ட் வாடை அடிக்கிறதாம். உலகத்தையே சிரிக்க வைத்த ஆளை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்போம் என்றார்கள். அவர் வாசலுக்கே வரவில்லை. மறு வருஷம் கோர்சியரில் ஒரு மாளிகையை வாங்கி, மனைவி ஊனாவோடும் பிள்ளைகளோடும் குடியேறினார். ஊனாவுக்குப் பிள்ளைகள் மொத்தம் எட்டு. பக்கத்தில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி மைதானம் ஒன்று இருந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்து கொஞ்ச காலம் ஊரோடு மல்லுக்கட்டினார். மற்றபடி நிம்மதி. 1977 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, 88ஆவது வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் கழித்து, கூட்டம் கூட்டாமல், அமைதியாக அடக்கம்.

அமைதி என்றால் சுவிஸ் அமைதி. கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் இல்லை. அந்த நாட்டில் உயிரோடு இருப்பவர்களே ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போடமாட்டார்கள். இறந்தவர்களுக்கு எதற்குக் காவல்?

இனி நம்ம கதாநாயகர்கள். ஒருவர் போலந்துக்காரர், வயது 24. இன்னொருவர் பல்கேரியாக்காரர், வயது 38. இரண்டு பேருமே தங்கள் நாட்டை விட்டு வந்தவர்கள், இரண்டு பேருமே கார் மெக்கானிக்குகள், இரண்டு பேருக்குமே கையில் காசில்லை. பெயர்கள் கோர்ட் ஆவணத்தில் இருக்கின்றன. தண்டனையும் முடிந்து மன்னிப்பும் கிடைத்துவிட்ட ஆட்களை நான் எதற்குத் திரும்பத் தோண்டி எடுக்க வேண்டும்? தோண்டுவது அவர்கள் வேலை.

யோசனை சின்னவருடையது. இப்படி ஒரு பிணத்திருட்டு நடந்ததை இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் படித்ததாகப் பிறகு சொன்னார். எங்கள் காலத்தில் பத்திரிகை படித்துக் கெட்டுப்போனவர்கள் உண்டு என்பதற்கு இது அத்தாட்சி. முதல் முறை அவர் பெரியவரிடம் இதைச் சொன்னபோது என்ன பேசியிருப்பார்கள்? எந்தக் கோப்பிலும் இல்லை. ஆகவே நானே எழுதிக்கொள்கிறேன்.

"அண்ணே, யோசிச்சுப் பாருங்க. செத்த ஆள் ஓடமாட்டான். கத்தமாட்டான். மூணு வேளை சோறு கேட்கமாட்டான். நாளைக்குக் கோர்ட்டுல வந்து 'இவன்தான்'னு கையை நீட்டமாட்டான்."

"அதெல்லாம் சரி தம்பி. பணம் தரலேன்னா உயிரை எடுத்துருவேன்னு மிரட்டணுமே. அதுக்கு என்ன பண்றது?"

இந்தக் கேள்வியைப் பெரியவர் நிஜமாகவே கேட்டிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். கேட்கவில்லை போலிருக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற கணக்கில் இறங்கிவிட்டார்கள். யானை விஷயத்தில் அது சரி, தந்தம் இருக்கிறது. சாப்ளினிடம் இருந்தது தொப்பி, பிரம்பு, ஒட்டுமீசை. அதுவும் பெட்டிக்குள் இல்லை.

அந்த ராத்திரி மழை. பெட்டியைத் திருடிக்கொண்டு போவது முதலில் அவர்கள் திட்டமாகவே இல்லை என்று ஒரு தகவல் உண்டு. அதே குழியை இன்னும் ஆழமாகத் தோண்டி, பெட்டியை அடியில் தள்ளி மண்ணை மூடிவிட்டால், மேலே பார்ப்பவர்களுக்குக் குழி காலி. ஊரெல்லாம் தேடும், பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் உண்மையிலேயே மரியாதை உண்டு. சாப்ளின் படத்தில் போலீஸ்காரனின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு நடப்பாரே, அந்த மாதிரி. ஆனால் ஈர மண் கனத்தது, தோண்ட முடியவில்லை. கனத்த பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. மெக்கானிக்குகள், இன்ஜினைத் தூக்கிப் பழகிய கை, தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உலகப் பத்திரிகைகளும் அப்படியே. யார் எடுத்திருப்பார்கள்? ஆளுக்கொரு சித்தாந்தம் கிளம்பியது. 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரைக் கிண்டல் செய்ததற்காக நாஜி அபிமானிகள் முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்து பழி வாங்கினார்கள் என்றது ஒரு கட்சி. சாப்ளின் யூதர், கிறிஸ்தவக் கல்லறையில் கிடக்கக் கூடாது என்று யூதர்கள் எடுத்துப் போனார்கள் என்றது இன்னொன்று. சாப்ளின் யூதரே இல்லை என்பது இந்தக் கட்சிக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. பிறந்த மண்ணுக்கே கொண்டுபோக லண்டன் ரசிகர்கள் செய்த வேலை என்றும் பேச்சு. பணத்துக்காக இரண்டு மெக்கானிக்குகள் செய்திருப்பார்கள் என்று மட்டும் எந்த அறிஞரும் சொல்லவில்லை. அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

பிறகு சாப்ளின் வீட்டுக்குப் போன் வந்தது. ஒன்றல்ல, பல. பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது என்று சம்பந்தமே இல்லாத பேர்வழிகள் எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். உண்மையான திருடர்களின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மழையில் நனைந்து, இடுப்பொடிய மண் வாரி, பெட்டி தூக்கி, அதைப் புதைத்துவிட்டு வந்து போன் செய்தால், வீட்டில் நம்ப மறுக்கிறார்கள். கடைசியில் பெட்டியின் புகைப்படத்தை அனுப்பித் தங்கள் நேர்மையை நிரூபிக்க வேண்டி வந்தது.

கேட்ட தொகை 6 லட்சம் டாலர். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1916இல், 26 வயதில், மியூச்சுவல் கம்பெனியோடு சாப்ளின் போட்ட ஒப்பந்தம் வாரம் 10,000 டாலர், கையெழுத்துப் போட்டதற்கு 1,50,000 டாலர் தனி. ஒரு வருஷத்துக்கு மொத்தம் 6,70,000. அறுபத்திரண்டு வருஷம் கழித்து, விலைவாசி எங்கேயோ போன பிறகு, அவர் முழு உடம்புக்கும் திருடர்கள் போட்ட விலை அவருடைய 1916ஆம் வருஷச் சம்பளத்தைவிடக் குறைவு. சம்பள விஷயத்தில் ஒரு செண்ட் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயர் வாங்கிய சாப்ளினுக்கு இது தெரிந்திருந்தால் பெட்டிக்குள்ளிருந்தே பேரத்தை உயர்த்தியிருப்பார்.

ஆனால் பேரம் பேச வேண்டியவர் ஊனா. நாடக மேதை யூஜின் ஓநீலின் மகள். 18 வயதில் 54 வயது சாப்ளினைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அப்பா அவரைத் தலைமுழுகினார். அதற்காக மகள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம். ஆறு லட்சம் டாலர் கொடு, இல்லாவிட்டால் உன் புருஷன் பெட்டி உனக்கு இல்லை என்றதும் அவர் சொன்ன பதிலின் சாரம்: இதைக் கேட்டால் சார்லியே கேலிக்கூத்து என்றிருப்பார். ஒரு பைசா கிடையாது.

திருடர்களின் திட்டத்தில் இந்த ஒரு பக்கம் எழுதப்படாமலே இருந்தது. அழுவார்கள், கெஞ்சுவார்கள், போலீசுக்குப் போவார்கள், போகமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். சிரிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. ஆட்கடத்தல் தொழிலின் முதலீடே பயம்தான். இங்கே நடக்கக்கூடிய மோசமான விஷயம் கிறிஸ்துமஸ் அன்றே நடந்து முடிந்துவிட்டது. அவருடைய ஆன்மா போய்விட்டது, மீதி எங்கே இருந்தால் என்ன என்று வீட்டம்மாள் நினைத்துவிட்டால், மூன்றாள் கனமுள்ள மரப்பெட்டியை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான்? வாடகைக்கா விடுவான்?

அந்த எரிச்சலில்தான் அவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். கடைசிப் பிள்ளைகள் இருவரையும் ஏதாவது செய்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். கதையில் சிரிப்பு நின்றுபோகும் இடம் இது. இந்த மிரட்டலுக்குப் பிறகு அவர்களை வெறும் அப்பாவிகள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

வீட்டில் போனை எடுத்துப் பேசும் பொறுப்பில் முக்கியப் பங்கு மகள் ஜெரால்டினுக்கு. 'டாக்டர் ஷிவாகோ'வில் நடித்தவர். ஆகவே இழுத்துப் பேசும் கலை கைவந்தது. போலீஸ் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, இவர் தழுதழுக்க, பேரம் வாரக்கணக்கில் நீண்டது. தொகை இறங்கிக்கொண்டே வந்தது. ஆடித் தள்ளுபடியில் புடவை விலை இறங்குவது போல.

போலீசும் சும்மா இல்லை. திருடர்கள் பேசுவது லோசான் சுற்றுவட்டாரத்தின் டெலிபோன் பூத்துகளிலிருந்து என்று தெரிந்தது. எந்தப் பூத்? தெரியாது. நம் ஊர் போலீஸாக இருந்தால் ஆளுக்கு ஒரு பூத்துக்காரரைக் கூட்டிவந்து விசாரித்திருக்கும். சுவிஸ் போலீஸ் வேறு மாதிரி யோசித்தது. அடுத்த அழைப்பு எப்போது என்று நேரம் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் சுமார் 200 பூத்துகளைக் கண்காணித்தது. இந்தத் திட்டம் ஜெயிக்க ஒரே ஒரு நிபந்தனை: திருடன் சொன்ன நேரத்துக்குப் போன் செய்ய வேண்டும். வேறு எந்த நாட்டிலும் இது உளறல். ஆனால் இரண்டு பேரும் சுவிட்சர்லாந்தில் தண்ணீர் குடித்தவர்கள். சரியான நேரத்துக்குப் போன் செய்தார்கள். மே மாத நடுவில், பெட்டி காணாமல் போய்ப் பதினோரு வாரத்தில், மாட்டிக்கொண்டார்கள்.

பிடிபட்டதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். பெட்டி எங்கே? ஏரியின் கிழக்கு முனையில், ரோன் நதி வந்து கலக்கும் பக்கம், நோவில் என்ற கிராமத்துச் சோளக்கொல்லையில் புதைத்திருக்கிறோம். சரி, கொல்லையில் எங்கே? அங்கேதான் சிக்கல். ராத்திரியில் புதைத்தது. மார்ச்சில் வெறும் மண்ணாகக் கிடந்த நிலம் மே மாதத்தில் பச்சைப்பசேல் என்று மாறியிருக்கிறது. இரண்டு பேருக்கும் இடம் நினைவில்லை. கடைசியில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டுவந்து கொல்லை முழுக்கத் தடவிப் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். ஊனா பணம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆறு லட்சத்தை வாங்கிக்கொண்டு, "அம்மா, அந்தப் பக்கமாத்தான் எங்கேயோ…" என்று தலையைச் சொறிந்திருப்பார்கள்.

இவர்களை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. இந்தத் தொழிலில் முன்னோடிகளே இப்படித்தான். 1977 ஆகஸ்டில் எல்விஸ் பிரெஸ்லி இறந்து இரண்டு வாரத்துக்குள் மெம்ஃபிஸ் கல்லறையில் அவர் உடலைத் திருட வந்ததாக மூன்று பேர் பிடிபட்டார்கள். குடும்பம் பயந்து, எல்விஸை அவர் வீட்டு வளாகத்துக்கே மாற்றிக்கொண்டது. ஆனால் எல்லோருக்கும் மூத்த குரு 1876இல் சிகாகோவில் இருந்தார். கள்ளநோட்டுக் கும்பலின் தலைவர். அவருடைய அச்சுத்தகடு செதுக்கும் ஆள், பெஞ்சமின் பாய்ட் என்ற கலைஞர், ஜோலியட் சிறையில் இருந்தார். கலைஞன் உள்ளே போனதும் நோட்டின் தரம் படுத்துவிட்டது. தலைவர் யோசித்தார். ஆபிரகாம் லிங்கனின் உடலைத் திருடுவோம். திருப்பித் தர 2 லட்சம் டாலரும் பாய்ட்டின் விடுதலையும் கேட்போம்.

நாள் பார்த்ததில் கெட்டிக்காரர்கள்: நவம்பர் 7, ஜனாதிபதித் தேர்தல் இரவு. ஊரே முடிவுக்குக் காத்திருக்கும், ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லறைப் பக்கம் யார் வருவார்கள்? ஆள் பிடித்ததில்தான் கோட்டைவிட்டார்கள். பிணம் திருடுவதில் அனுபவசாலி என்று நம்பி அவர்கள் சேர்த்துக்கொண்டவர் அரசாங்க உளவாளி. ஆக, திருடர்கள் வருவதற்கு முன்பே ரகசியப் போலீசார் நினைவு மண்டபத்துக்குள் வந்து, சத்தம் கேட்கக் கூடாதென்று பூட்ஸைக் கழற்றிவிட்டு, நவம்பர் குளிரில் வெறும் காலுறையோடு இருட்டில் நின்றார்கள். திருடர்கள் பூட்டை அறுத்து, சலவைக்கல் மூடியை நகர்த்திப் பெட்டியை இழுக்கத் தொடங்கியபோது உளவாளி நைசாக வந்து சைகை காட்டினான். போலீஸ் பாய்ந்தது. பாயும்போது ஒருவர் துப்பாக்கி தானாக வெடித்தது. திருடர்கள் ஓடிவிட்டார்கள். இருட்டில் போலீஸ் போலீசையே சுட்டுக்கொண்டது. யாருக்கும் அடி படவில்லை. அந்தத் திறமையும் கவனிக்கத்தக்கது.

ஓடியவர்கள் எங்கே போனார்கள்? வழக்கமாக உட்காரும் சிகாகோ மதுக்கடைக்கே. சில நாளில் அங்கேயே பிடித்தார்கள். அடுத்த சிக்கல் சட்டம். பிணத்தைத் திருட முயன்றதற்குக் கடுமையாகத் தண்டிக்க இல்லினாய் மாநிலத்தில் சட்டமே இல்லை. வக்கீல்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 75 டாலர் மதிப்புள்ள ஒரு சவப்பெட்டியைத் திருட முயன்றதாக வழக்குப் போட்டார்கள். அடிமைத்தனத்தை ஒழித்த ஜனாதிபதி பில்லில் வரவில்லை. மரத்துக்கு மட்டும் விலை போட்டார்கள். ஆளுக்கு ஒரு வருஷம் தண்டனை. எந்தச் சிறை? ஜோலியட். பாய்ட்டை வெளியே கொண்டுவரப் புறப்பட்டவர்கள் பாய்ட்டிடமே போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு லிங்கனின் பெட்டியை மண்டபத்தின் அடித்தளத்தில் மரக்கட்டைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தார்கள். மேலே காலிக் கல்பெட்டிக்கு முன்னால் பல வருஷம் மக்கள் வந்து கண்ணீர்விட்டுப் போனார்கள். 1901இல்தான் பத்தடி ஆழத்தில் இரும்புக் கூண்டு போட்டு, மேலே கான்கிரீட் ஊற்றி ஆளை நிரந்தரமாக இருத்தினார்கள்.

சாப்ளினுக்கும் அதே வைத்தியம். கோர்சியருக்கே திரும்பக் கொண்டுவந்து, இந்த முறை கான்கிரீட் அறைக்குள் வைத்து மூடினார்கள். அமெரிக்கா உள்ளே விடமாட்டேன் என்றது. சுவிட்சர்லாந்து வெளியே விடமாட்டேன் என்று சிமெண்ட் போட்டது. 1991இல் ஊனாவும் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

கோர்ட் சின்னவருக்கு நாலரை வருஷம் கடுங்காவல் கொடுத்தது. மூளை அவருடையது என்பதற்காக. அந்த மூளைக்கு இதற்கு முன்னால் இவ்வளவு பெரிய அங்கீகாரம் கிடைத்திருக்காது. பெரியவருக்குப் பொறுப்பு குறைவு என்று 18 மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. திருடர் வீட்டிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்ததாகவும், ஊனா மன்னித்துப் பதில் எழுதியதாகவும் குடும்பத்தார் பிறகு சொன்னார்கள்.

எனக்கு இதில் விடாமல் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. வேலை இல்லாதவன், நாடு இல்லாதவன், கிழிந்த கோட்டோடு போலீசுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் திட்டம் போடுகிறவன், போட்ட திட்டமெல்லாம் தன் தலையிலேயே விழ வாங்கிக்கொள்கிறவன். இந்த ஆளாகத் திரையில் நடித்துத்தான் சாப்ளின் மாளிகை வாங்கினார். கடைசியில் அந்த ஆள் இரண்டு பேராக வந்து, என் பங்கு எங்கே என்று தோண்டிவிட்டான். கொஞ்சம் உரிமையோடுதான் தோண்டியிருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. ஊனா மன்னித்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்கலாம்.

பிரெஞ்சு இயக்குநர் சேவியே போவுவாவுக்கும் இதே எண்ணம்தான் போலிருக்கிறது. 2014இல் வெனிஸ் விழாவில் போட்டிக்கு வந்த அவருடைய 'லா ரான்சோன் த லா குளுவார்' இந்தத் திருட்டைப் பற்றியது. புகழுக்கான பணயத்தொகை என்று பெயருக்கு அர்த்தம் சொல்லலாம். பெயர்களையும் நாடுகளையும் மாற்றி, ஜெயிலிலிருந்து வந்த எடி, மனைவியின் ஆபரேஷனுக்குப் பணம் இல்லாத ஒஸ்மான் என்று இரண்டு நண்பர்களாக்கியிருக்கிறார். படம் நிதானமாக நகரும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். பெட்டியைத் தோண்டும் காட்சிக்கு மட்டும் நூறு முறை உட்காரலாம். மிஷேல் லெக்ராண்ட் ஏதோ பெரும் காவியத்துக்குப் போடுவது போல இசையை வாரி இறைக்க, கீழே இரண்டு பேர் சேற்றில் வழுக்கி வழுக்கி விழுகிறார்கள்.

படப்பிடிப்புக்கு சாப்ளின் குடும்பம் தங்கள் மாளிகையையே திறந்துவிட்டது. பேத்தி டோலோரஸ் நடித்தும் கொடுத்தார். படத்தில் எடி கடைசியில் சர்க்கஸில் கோமாளியாகிறான். அந்த சர்க்கஸின் நிர்வாகியாக வருகிறவர் சாப்ளினின் மகன் யூஜின். அப்பாவின் பெட்டி காணாமல் போன வசந்தத்தில் அவருக்கு வயது 24. திருடிய போலந்துக்காரருக்கும் அதே வயதுதான்.